யார் பெட்டர் என்று கேட்டார்கள்

பத்தாம் வகுப்பில் எனக்கு இங்கிலீசு மட்டும் போய்விட்டது. மற்ற பாடங்கள் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டன. இங்கிலீசு இரண்டாம் தாளில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பொருள் மாறாமல் அதை வேறு இரண்டு விதமாக எழுதச் சொல்வார்கள். வகுப்பிலேயே இவன்தான் உயரம் என்று அந்த வாக்கியம் இருக்கும். மற்ற எல்லோரையும்விட இவன் உயரம் என்று ஒரு தடவையும், இவனளவு உயரம் வேறு எவனும் இல்லை என்று இன்னொரு தடவையும் திருப்பி எழுத வேண்டும். வாத்தியார் கரும்பலகையில் மூன்று பத்தி பிரித்து டால், டாலர், டாலஸ்ட் என்று எழுதிப் போடுவார். எனக்கு அது பிடிபட்டது மாதிரி இருந்தது. பரீட்சையில் குட், குட்டர், குட்டஸ்ட் என்று எழுதிவைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஒன்றுக்காகத்தான் தவறினேன் என்று சொல்ல முடியாது. இன்னும் எத்தனையோ தப்பு இருந்திருக்கும். ஆனால் வெளியே வந்தபோது ஒரு பையன் பெட்டர், பெஸ்ட் என்று சொல்லிச் சிரித்தான். அதனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்தத் தப்புதான்.

எங்கள் ஊர் பரமக்குடிக்குத் தெற்கே. மழையை நம்பின காடு. மழை பெய்தால் நெல்லும் மிளகாயும், பெய்யாவிட்டால் கருவேலம். ரிசல்ட்டைக் கேட்டு அய்யா திட்டவில்லை. "போனது போச்சு, காட்டுல வேல கெடக்கு" என்றார். நான் ஒரு மாதம் காட்டில் நின்றேன். அப்புறம் லாரி ஏறிவிட்டேன். தூத்துக்குடி உப்பளம், ராமேசுவரத்தில் ஒரு லாட்ஜில் வாளி தூக்குவது, மண்டபத்தில் ஐஸ் உடைப்பது, ஒரு லாரியில் கிளீனர். எந்த இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. யாரும் விரட்டவில்லை. காலையில் எழுந்து அதே சுவரைப் பார்க்கும்போது கிளம்பிவிடத் தோன்றும், கிளம்பிவிடுவேன்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது நான் ஊரில் இருந்தேன். உப்பில் நின்று பாதம் வெடித்து, ஆறட்டும் என்று வந்து கிடந்தேன். மாப்பிள்ளை வீடு திருப்புல்லாணிப் பக்கம். வந்தவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு அய்யா எடுத்த எடுப்பில், "புள்ளைக்கு வேலவெட்டி அம்புட்டாத் தெரியாதுங்க. சோத்தக் கொழைச்சிப்புடும். நெறமும் கம்மிதான்" என்றார். மிளகாய்ப் பழம் எடுப்பதில் அக்காவுக்கு ஈடு கொடுக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. மாப்பிள்ளையின் தகப்பனார் மோரை உறிஞ்சிக்கொண்டு, "எங்க பய மட்டும் என்னங்க. அடிச்சாத்தான் எந்திரிப்பான். சரியான தூங்குமூஞ்சி" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சம்பந்தம் அந்த இடத்திலேயே நிச்சயமாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீட்டாளை வெளியாள் முன்னால் உயர்த்திச் சொன்னால் கண்பட்டுவிடும் என்பது ஒன்று. சொல்கிறவனுக்கும் மதிப்பு இருக்காது. குறைத்துத்தான் சொல்ல வேண்டும். கேட்கிறவர் அதைக் கூட்டி எடுத்துக்கொள்வார். ஆனால் அதில் ஒரு முறை உண்டு. ஒருவர் தன் வீட்டைக் குறைத்தால் எதிரில் இருப்பவரும் தன் வீட்டைக் குறைக்க வேண்டும். வீட்டாளைக் குறைத்துச் சொல்கிறவர் அதோடு தன்னையும் சேர்த்துக் குறைத்துக்கொள்வார். தான் மட்டும் நிமிர்ந்து நிற்கிற மாதிரிப் பேசினால் அது மரியாதை ஆகாது, இழிவு.

இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருப்பது போல எனக்கும் தெரிந்திருந்தது.

மச்சான் தூங்குமூஞ்சி இல்லை. கம்பி கட்டுகிற வேலைக்காரர். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கடலில் ரோட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தூணுக்கும் மேல்தளத்துக்கும் கான்கிரீட் போடுமுன் உள்ளே கம்பிக்கூடு கட்டவேண்டும். நெட்டுக் கம்பிகளை நிறுத்தி, சுற்றிலும் ரிங் போட்டு, கம்பியும் ரிங்கும் சேரும் ஒவ்வொரு இடத்திலும் கட்டுக்கம்பியைக் கொடுத்து, கொக்கியால் முறுக்கி விடவேண்டும். பார்க்கச் சுலபம். ஒரு நாளில் ஆயிரம் முறுக்குப் போட்டால் மணிக்கட்டு மறுநாள் சோற்றை எடுக்காது. மச்சானுக்குக் கை நோகாது. மற்றவர்கள் மூன்று முறுக்குப் போடும் இடத்தில் அவர் இரண்டு போடுவார், கூடு அசையாது. அவர்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டார். "மாப்ள, லாரியில எம்புட்டு நாளைக்குக் குப்புறப் படுத்துக் கெடப்ப? இங்கன வா, காத்தாவது வரும்" என்றார்.

காற்று வந்தது. வெயிலும் வந்தது. மத்தியானம் கம்பியைத் தொட்டால் தோல் உரிந்துவிடும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழும்வரை வேலை நிற்கும். தகரக் கொட்டகை நிழலில் எல்லோரும் படுத்துக் கிடப்போம். எனக்குப் படுத்தால் தூக்கம் வராது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் தரையில் விரித்துப்போட்டு விற்ற புத்தகங்களில் அட்டை கிழிந்த ஒரு இங்கிலீசு கைடு வாங்கி வைத்திருந்தேன். அதைப் படிப்பேன். பள்ளிக்கூடத்தில் தோற்ற அதே இடத்தில்தான் அந்தப் புத்தகம் தானாகத் திறந்துகொள்ளும். முன்னால் வைத்திருந்தவனும் அங்கேதான் தடுக்கி விழுந்திருக்கிறான் போலிருக்கிறது.

மச்சானுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும், அளவு தெரியும். எட்டு எம்எம், பத்து, பன்னிரண்டு, பதினாறு என்று கம்பியை விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஒருநாள் நான் முணுமுணுப்பதைக் கேட்டு என்ன அது என்றார். கொட்டகை ஓரத்தில் கிடந்த மூன்று கம்பித் துண்டுகளை எடுத்துவைத்துச் சொன்னேன். இது திக். இது திக்கர். இது திக்கஸ்ட். அவர் மூன்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? நம்ம இதவிட அது தடின்னு சொல்லுவோம், அவிங்க வாலுல ஒட்டவச்சிக்கிறாங்க" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் மத்தியானம் அந்தப் பாடம்தான். குட் வந்தபோது அவருக்குத் திருப்தி இல்லை. உயரத்துக்கும் தடிமனுக்கும் வால் ஒட்டினால் போதும், நல்லதுக்கு மட்டும் ஏன் ஆளே மாறிப்போகிறது என்று கேட்டார். கெட்டதுக்கும் அப்படித்தான் என்றேன். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். "அப்ப நல்லதும் கெட்டதும் ஒரே குடும்பம்" என்றார். இதை எந்தக் கைடிலும் நான் பார்க்கவில்லை.

பக்கத்தில் பழைய ரயில் பாலத்தில் வண்டி போனால் நடந்துபோகிறவனே முந்திவிடலாம். கடல்காற்றுக்குப் பயந்து ஊர்ந்து போகும். அதைக் காட்டி ஸ்லோ என்றேன். மச்சான் எழுந்து உட்கார்ந்துகொண்டார். "ரயிலு ஸ்லோ. நம்ம சூப்பர்வைசர் ஸ்லோவர். கான்ட்ராக்டர் சம்பளம் போடுறது ஸ்லோவஸ்ட்." கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு யாராவது சோறு கொண்டுவரத் தாமதித்தால், "ஏலே, நீ ஸ்லோவஸ்ட்டுலே" என்று கத்துவார்கள். இங்கிலீசு தெரியாத பத்திருபது பேருக்கும் அந்த மூன்று வார்த்தை தெரியும்.

இதை விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

பாலம் முடியப்போகிறது, அடுத்த வேலை எங்கே என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் ஏஜென்ட் வந்தார். வளைகுடாவுக்குக் கம்பி கட்ட ஆள் வேண்டும், ராமநாதபுரத்தில் ஒரு லாட்ஜில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். எங்கள் கொட்டகையிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பியது. மச்சான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. இரண்டு வருடமாக மழை இல்லை. அவருடைய பங்குக் காட்டில் கருவேலம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. போய்விட்டு வந்தால் அதை வெட்டித் தள்ளிவிட்டு ஒரு கிணறு வெட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கிணறும் இல்லை, காடும் இல்லை. எங்கேயாவது போகவேண்டும் என்பது மட்டும் இருந்தது. விமானத்தில் ஏறினால் ஆறு மாதத்தில் திரும்பவேண்டி இருக்காது என்று நினைத்தேன்.

லாட்ஜுக்குப் பின்னால் வெற்றிடத்தில் முதலில் கை வேலை. ஆளுக்கொரு தூண் கூடு கட்டிக் காட்டவேண்டும். மச்சான் கட்டி முடித்துவிட்டு, கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து ஆளுக்கு நெட்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கடைசியில் முடித்தேன். பார்வையிட்டவர் கூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நின்றால் ஒரு டிக், நிற்காவிட்டால் பெருக்கல் குறி. யார் முந்தி முடித்தது, யார் பிந்தி என்று அவர் எழுதவில்லை. எனக்கும் டிக், மச்சானுக்கும் டிக்.

அப்புறம் மாடியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே வரச் சொன்னார்கள். ஏஜென்ட் யாரிடமோ போன் பேச இறங்கிப் போயிருந்தார். உள்ளே கம்பெனிக்காரர் ஒருவர், வெளிநாட்டவர். பக்கத்தில் வடக்கத்தி இன்ஜினியர் ஒருவர். மச்சானிடம் பெயர் கேட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இங்கிலீசில் சொன்னேன். இன்ஜினியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் என்னிடம் மட்டும் பேசினார். மெதுவாக, எனக்குப் புரியும்படி. ஒரு இடம்தான் பாக்கி இருக்கிறது. இரண்டு பேருக்கும் டிக் இருக்கிறது. இரண்டு பேரும் சொந்தமா? இவர் வேலை எப்படி? உங்கள் இரண்டு பேரில் யார் பெட்டர்?

அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் எவரும் எவரையும் கேட்கமாட்டார்கள். அண்ணன் தம்பியை நிறுத்திவைத்து யார் உசத்தி என்று கேட்டால் இரண்டு பேரும் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு வாயில் முதலில் வந்தது அய்யாவின் பேச்சு. அதை இங்கிலீசில் சொன்னேன். ஹி இஸ் மை சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட், சார். ஹி இஸ் ஸ்லோவர்.

இன்ஜினியர் தலையாட்டினார். அவர் கூட்டி எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, "அண்ட் யூ?" என்றார்.

அந்த இடத்தில் நான் முறைப்படி என்னையும் குறைத்திருக்க வேண்டும். நான் இவரைவிட மோசம் என்று சொல்லியிருந்தால், அவர் குழம்பிப்போய்த் திரும்பக் கேட்டிருப்பார். ஏஜென்ட் வந்திருப்பார், விவரம் சொல்லியிருப்பார். வொர்ஸ் என்கிற வார்த்தை எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது.

"ஐ யாம் பெட்டர், சார்" என்றேன்.

வாழ்க்கையில் நான் பிழை இல்லாமல் பேசிய முதல் இங்கிலீசு அன்று பேசியதுதான். இன்ஜினியர் ஒரு தாளில் டிக் போட்டார்.

மாடிப்படி இறங்கும்போது மச்சான் எனக்கு ஒரு படி முன்னால் போனார். தெருவுக்கு வந்த பிறகு திரும்பி, "என்ன கேட்டாக மாப்ள?" என்றார். இங்கிலீசு தெரிந்த ஆளாக வேண்டுமாம் என்று சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நீதான் போகணும்" என்றார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தான் குடிக்கவில்லை.

கிளம்புகிற அன்று ஸ்டேஷனுக்கு வந்தார். இடுப்பிலிருந்து தன் கொக்கியை உருவிக் கொடுத்தார். பிடி அவர் உள்ளங்கைக்குத் தேய்ந்து வளைந்திருந்தது. அங்கே வேறு மாதிரிக் கொக்கி கொடுத்தால் எனக்குக் கை பழகாது என்றார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி நகர்ந்தபோது அவர் அங்கேயே நின்றார்.

அங்கே போன ஒரு வாரத்தில் என் லட்சணம் தெரிந்துவிட்டது. நான் பெட்டர் இல்லை என்று ஃபோர்மேனுக்கு யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. என்னைக் கம்பியிலிருந்து எடுத்து, கேம்ப் கூட்டவும் தண்ணீர் டிரம் உருட்டவும் போட்டார்கள். இரண்டு வருடம் உருட்டினேன். கொக்கி பையிலேயே கிடந்து துருப்பிடித்தது. அங்கே இரண்டு வருடத்தில் அதிகம் யோசித்தது ஒன்றைத்தான். அவருக்குப் புரிந்திருக்குமா?

புரிந்திருக்காது என்று சொல்லிக்கொள்வேன். பாம்பனில் மத்தியான வெயிலில் விளையாட்டாகச் சொன்னது, ராமநாதபுரத்து லாட்ஜில், பயந்து நிற்கும்போது காதில் ஏறியிருக்காது. நான் வேகமாகச் சொன்னேன். மின்விசிறி சத்தம் இருந்தது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொள்வேன். அடுக்கி முடித்ததும் கொட்டகையில் எல்லோரும் ஸ்லோவஸ்ட் ஸ்லோவஸ்ட் என்று சிரித்தது ஞாபகம் வரும். திரும்ப முதலிலிருந்து அடுக்குவேன்.

இன்னொன்றும் யோசித்தேன். ஸ்லோவர் என்று நான் சொன்னது வழக்கத்தினாலா, அல்லது போகவேண்டும் என்கிற ஆசையினாலா? முதல் வாக்கியத்துக்கு வழக்கத்தைச் சாக்காகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. இரண்டாவது வாக்கியத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது பாலம் திறந்து பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி வேலைக்கு ஆள் கேட்பாரில்லை. மச்சான் ஊருக்குப் போய், தன் காட்டுக் கருவேலத்தையே வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். விறகைக் கூம்பாக அடுக்கி, வைக்கோல் மூடி, ஈர மண் பூசி, உள்ளே தீ வைத்து, மூச்சை அடக்கிப் புகையவிடவேண்டும். பல நாள் கூடவே இருந்து, மண் வெடித்த இடத்தையெல்லாம் பூசிக்கொண்டே இருக்கவேண்டும். புகையைக் குடித்துக்கொண்டுதான் அந்த வேலை.

நான் லாட்ஜுத் தெருவில் சொன்ன பொய்யை அக்கா நிஜமாக எடுத்துக்கொண்டிருந்தாள். இங்கிலீசு தெரியாததால்தான் தன் புருஷனுக்கு அந்த இடம் போனது என்று அவளுக்குத் தீர்மானம். "ஒம் மச்சானுக்கு நாலு வார்த்த இங்கிலீசு தெரிஞ்சிருந்தா எங்க பொழப்பு இப்படியா இருக்கும்?" என்று நான் போகும்போதெல்லாம் கேட்பாள். அதனால் மகளைப் பரமக்குடியில் இங்கிலீசு மீடியத்தில் சேர்த்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டவேண்டும் என்பதற்காக மச்சான் ஒரு மூட்டம் போட்ட இடத்தில் இரண்டு போட்டார். அடுத்தவர் காட்டிலும் போய்ப் போட்டார். இருமல் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

நான் இருந்து உதவி செய்திருக்கலாம். செய்யவில்லை. கேரளாவில் கல் உடைத்தேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றேன், எங்கெங்கோ போனேன். வருடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். அங்கே ஒருநாள் தங்கினால் மறுநாள் காலையிலேயே கிளம்பிவிடுவேன். "என்ன மாப்ள, வந்த கால் காயல, அதுக்குள்ள வாரேங்குற" என்பார் மச்சான்.

ஒரு தடவை போனபோது பிரித்த மூட்டத்திலிருந்து கரியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தூர்க்கரி ஒரு குவியல், உருட்டுக்கரி ஒன்று, குச்சிக்கரி ஒன்று, தூள் தனியாக. மகள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். குட், பெட்டர், பெஸ்ட். லிட்டில், லெஸ், லீஸ்ட். பேட் என்று சொல்லிவிட்டு அவள் நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பேட், பேட் என்று யோசித்தாள்.

"வொர்ஸ்" என்றார் மச்சான். கரியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிள்ளைக்கு ஆச்சரியம். "அய்யா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒம் மாமன் சொல்லிக்குடுத்தது."

நான் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

கடைசியாக என்னைக் கூப்பிட்டது அந்தப் பிள்ளைதான். நான் வேலை செய்த பட்டறைக்குப் போன் போட்டு, அய்யாவை ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, வாங்க மாமா என்றாள். போனேன். நுரையீரல் இரண்டும் போய்விட்டது என்றார்கள். தூண் மாதிரி இருந்த ஆள், கட்டிலில் போர்வைக்கு அடியில் இருப்பதே தெரியவில்லை. மூக்குக்கு மேல் ஆக்சிஜன் மூடி. அக்கா பகலில் வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவாள். அதுவரை நான் உட்கார்ந்திருப்பேன்.

டாக்டர் சின்னப் பெண். காலையில் வேகமாக வந்து, கட்டில் கட்டிலாகப் போவார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "நேத்துக்கு இன்னைக்குப் பெட்டரா?" அந்த வார்த்தை இப்போது எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவிகளும் பெட்டரா இருக்கு தாயி என்று சொல்கிறார்கள். எங்கள் கட்டிலுக்கு வந்ததும் மச்சானால் பேச முடியாததால் என்னைப் பார்த்து அதையே கேட்டார். முந்தின நாளைவிட மூச்சு அதிகமாக இழுத்தது. விரல்நுனி நீலமாக இருந்தது.

பெட்டர் என்றேன்.

அவர் கையில் இருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கையைத் தூக்கி மூடியை ஒரு பக்கமாக நகர்த்தினார். நகர்த்தக் கூடாது என்று தடுக்கப் போனேன். கேட்கவில்லை.

"வொர்ஸ்னு சொல்லு மாப்ள" என்றார். "நீ சொல்லிக் குடுத்ததுதான்."

நான் அவர் போர்வையைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு லாட்ஜுல ஸ்லோவர்ன்ன" என்றார். "அதுவும் நீ சொல்லிக் குடுத்ததுதான்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், "தெரிஞ்சுமா மச்சான் இத்தன வருசம் கேக்கல?" என்றேன்.

அவர் இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டார். "வீட்டாள வெளியாளுகிட்ட அப்படித்தான மாப்ள சொல்லணும். அதுல தப்பில்ல." இன்னொரு மூச்சு. "ஒன்னையும் சேத்துக் கொறப்பன்னு பாத்தேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மூடியை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். தலைக்குப் பின்னால் நாடாவை இழுத்துக் கட்டும்போது நான் போட்ட முடிச்சு நிற்கவில்லை. அவர் தன் கையைக் கொண்டுவந்து, பார்க்காமலே, ஒரே முடிச்சில் கட்டிக்கொண்டார்.

அக்கா கஞ்சித் தூக்கோடு வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன, மச்சானும் மச்சினனும் பேசிக்கிட்டிருந்தீகளா?" என்று கேட்டாள். மச்சான் மூடிக்குள்ளிருந்தே சொன்னார். சத்தம் அவ்வளவாக வரவில்லை. அக்கா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஒந் தம்பிக்கு ஒண்ணும் தெரியலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அக்கா சிரித்தாள். நெடுநாள் கழித்து அவர் கேலி பேசுகிறார் என்று அவளுக்குச் சந்தோஷம். பெட்டராகிவிட்டார் என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொன்னாள்.

மறுநாளைக்கு மறுநாள் காலையில், டாக்டர் சுற்றி வருவதற்கு முன்னால், அவர் போய்விட்டார். நான் இப்போதும் அவர் அக்காவிடம் சொன்ன அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். குறைத்துச் சொன்னாரா, உள்ளதைச் சொன்னாரா என்று. வெளியாள் முன்னால் சொல்லியிருந்தால் கூட்டி எடுத்துக்கொள்ளலாம். அக்கா வெளியாள் இல்லை.